சலாவுதீனுக்காகக் களை வெட்டியவள்

“ஏம்மா, சலாவுதீன் வந்து உன் காட்டுல களை வெட்டிக் குடுப்பானா? சொல்லு!”

“வெட்ட மாட்டாருங்க. ஆனா காய்ச்சல்ல கெடந்த எதிரிக்கே பழமும் பனிக்கட்டியும் குடுத்து உட்ட மனுசனுங்க அவரு. நான் வந்து முக்கா மணி நேரமாச்சு. உக்காருன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வந்துச்சுங்களா?”

“மொதல்ல சத்தத்தைக் கொறை. இது ஆபீஸு.”

“நீங்க கொறைங்க, நானும் கொறைக்கிறனுங்க.”

தலைமையாசிரியர் அருணாசலத்தின் அறைக்கு இரண்டு சன்னல்கள். மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று இரண்டையும் எப்போதும் திறந்தே வைத்திருப்பார். அதனால் மாதம்மாள் போட்ட சத்தம் மைதானத்தைத் தாண்டி, சத்துணவுக் கூடத்தில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பாப்பாயியின் காதுக்கு ஓர் எழுத்துச் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. பாப்பாயி கத்தியைக் கீழே வைத்தாள். பூசணிக்காய் எங்கும் ஓடிவிடாது. சண்டை அப்படியா?

விஷயம் இதுதான். மாதம்மாளின் மகள் ஆர்த்தி அந்தப் பள்ளியிலேயே பத்தாம் வகுப்பு படித்து, ஐந்நூற்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வாங்கியிருந்தாள். பதினொன்றில் வரலாற்றுப் பிரிவு வேண்டும் என்று கேட்டாள். வரலாற்றுப் பிரிவே இந்த வருடம் கிடையாது என்று சொல்லிவிட்டார் அருணாசலம். வரலாறு எடுத்துக்கொண்டிருந்த யமுனா டீச்சர் சித்திரையில் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்; மனு கொடுத்தவர்களோ மூன்றே பேர். பேசாமல் தையல் பிரிவில் சேரட்டும், மலைப் பிள்ளைகளுக்கு அதுதான் சோறு போடும் என்பது அவர் தீர்ப்பு. வேறு பள்ளிக்குப் போவதென்றால் மலையை விட்டு இறங்கி ராசிபுரம் போக வேண்டும். எழுபது வளைவு இறங்கி, இரண்டு பஸ் மாறிப் போய்வருவது நடக்காத காரியம். ஆக, இங்கே இல்லையென்றால் ஆர்த்திக்கு வரலாறு எங்கேயும் இல்லை.

அவர் சொன்ன காரணம் அது. சொல்லாத காரணம் ஒன்று உண்டு, அது திண்ணனூர் நாடு என்கிற அந்த மலைப்பகுதி முழுக்கத் தெரியும். அவர் மேசைக்குப் பின்னால் ஒரு பலகை தொங்கும். அதில் வருடா வருடம் தேர்ச்சி விகிதம் எழுதுவார்கள். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று மூன்று என்று ஏறி வந்து நூறைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தது. தொடவிடாமல் காலை வாரியது வரலாற்றுப் பிரிவுதான் என்பது அவருடைய கணக்கு. நூறு வந்துவிட்டால் கீழே நல்ல ஊராகப் பார்த்து மாறுதல் கேட்கலாமே.

“பதினைஞ்சு பேர் இருந்தாத்தான் பிரிவு நடத்த முடியும். விதி அப்படி,” என்றார் அருணாசலம். அப்புறம், சும்மா இருக்க மாட்டாமல், சிரித்துக்கொண்டே சொன்னார்: “வேணும்னா நீயே பதினைஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு வா. வர்ற திங்கக்கிழமை காலையில நானே கதவைத் திறந்து வைக்கிறேன்.”

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் சன்னல் திறந்திருந்ததை மறந்துவிட்டார்.

“திங்கக்கிழமைங்களா?” என்றாள் மாதம்மாள். “செரிங்க. சாவிய எடுத்து வெச்சுக்கோங்க.”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள், மூன்று கிலோமீட்டர் நடந்து ஊருக்குள் நுழைந்தபோது, செய்தி அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. பாப்பாயியிடம் செல்போன் வந்த பிறகு இந்தப் பக்கம் யாரும் தன் சேதியைத் தானே சொல்லி மகிழ்ந்தது கிடையாது.

*

மாதம்மாள் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவளுக்கும் சலாவுதீனுக்கும் என்ன சம்பந்தம் என்று அருணாசலம் வியந்ததில் தப்பில்லை. சம்பந்தம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மூலமாக வந்தது. இரண்டு வருடம் முன்பு ஆர்த்தி ஒன்பதாவது படித்தபோது, அம்மா கிழங்கின் தோலை உரிக்க, மகள் எதிரே உட்கார்ந்து பாடத்தை உரக்கப் படிப்பாள். கணக்கை உரக்கப் படிக்க முடியாது. அறிவியலைப் படித்தால் மாதம்மாளுக்குக் கொட்டாவி வந்தது. சமூக அறிவியலில் இடைக்காலம் என்று ஒரு பாடம் வந்ததும் அவள் கத்தியை நிறுத்திவிட்டு, “என்னது, இன்னொருக்கா சொல்லு,” என்றாள்.

ஐரோப்பாவில் பிரபுக்கள் இருந்தார்களாம். மண் அவர்களுடையது. அந்த மண்ணில் உழைத்த பண்ணையடிமைகள் வாரத்தில் மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டுமாம். ஊரை விட்டுப் போவதற்கும் அவர் அனுமதி, மகளைக் கட்டிக்கொடுப்பதற்கும் அவர் அனுமதி.

“மூணு நாளா? கூலியில்லாமயா? அவுங்க காட்டுல எப்பத்தான் களை வெட்டுவாங்க?”

“மிச்சம் இருக்கற நாள்லம்மா.”

“கஞ்சி ஊத்துனாங்களா இல்லையா?”

“அது புத்தகத்துல போடலம்மா.”

“போட மாட்டான்! ஊத்தியிருந்தா போட்டிருப்பான்!”

எண்ணூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன அந்தப் பிரபுவின் மேல் மாதம்மாள் ஒரு வாரம் கோபமாக இருந்தாள். அவன் கையில் அகப்படாததால், அவளுடைய கணவன் மாதேஸ்வரன் அகப்பட்டான். சாப்பிட்ட தட்டை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்ததற்கு, “நீங்க என்ன பிரபுவா?” என்று கேட்கப்பட்டான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கழுவிவைத்தான்.

பாக்தாத்தில் உலகத்துப் புத்தகங்களையெல்லாம் கொண்டுவந்து சேர்த்து, மொழிபெயர்த்து, ஆளாளுக்கு உட்கார்ந்து வாதாடினார்கள் என்பது மாதம்மாளுக்கு ரொம்பப் பிடித்தது. சண்டை போடுவதற்கென்றே ஒரு வீடு கட்டிவைத்த ராஜா உண்டென்றால் அவர் நல்லவராகத்தான் இருப்பார் என்றாள். சுல்தான் சலாவுதீன், தன்னோடு போருக்கு வந்த ராஜா காய்ச்சலில் கிடந்தபோது பழமும் பனிக்கட்டியும் கொடுத்தனுப்பினார் என்பது அதைவிடப் பிடித்தது. எல்லாவற்றையும் விடப் பிடித்தது, யமுனா டீச்சர் பாடத்துக்கு வெளியே சொன்னதாக ஆர்த்தி வந்து சொன்ன ஒரு சங்கதி. பண்ணையடிமை ஒருவன் தப்பித்து நகரத்துக்குள் போய், ஒரு வருடமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால், அதற்கப்புறம் அவனைப் பிரபு தொட முடியாது. அவன் சுதந்திர மனிதன்.

“அந்த ஒரு நாள் எதுக்காமாம்?”

“தெரியலம்மா. அதைத்தான் படிக்கோணும்.”

அன்றைக்கு விழுந்த விதை அது. இதைப் படிக்கத்தான் மகள் கேட்கிறாள். இதைத்தான் ஒரு பலகையில் எழுதிய நம்பருக்காக ஒருவர் இல்லை என்கிறார். மாதம்மாளுக்கு எரிந்தது. இன்னொன்றும் எரிந்தது. செருப்புப் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் அருணாசலம் ‘நீங்க’ என்றார். அவளுக்கு ‘நீ’.

*

மூன்று பேர் இருக்கிறார்கள். இன்னும் பன்னிரண்டு பேர் வேண்டும். கையில் ஐந்து நாள்.

முதலில் சொந்த ஊரில் கதவைத் தட்டினாள். “நர்ஸுக்குப் படிக்க வெக்கலாம்னு இருக்கோம்” என்றது ஒரு வீடு. “ஹிஸ்டரி படிச்சா என்ன வேலை குடுப்பாங்க மாதம்மா? ராஜா வேலையா?” என்றது இன்னொன்று. மூன்றாவது வீட்டில் பதிலே வரவில்லை. அந்த வீட்டுக்காரி அத்தாயி சாமைக் காட்டில் களையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மழை இரண்டு பாட்டம் பெய்திருந்தது. மலையெங்கும் பயிரை விடக் களை உசரமாக நின்ற சமயம்.

மாதம்மாள் வரப்பில் நின்று பார்த்தாள்.

“உம் பொண்ணு பேரை எழுதிக் குடு அத்தாயி. நான் உனக்கு ஒரு நாள் களை வெட்டித் தாரேன்.”

இந்தப் பக்கத்தில் மாத்தாள் என்று ஒரு வழக்கம். இன்றைக்கு உன் காட்டில் நான் ஒரு நாள் வேலை செய்தால், இன்னொரு நாள் என் காட்டில் நீ வந்து செய்ய வேண்டும். கூலிப் பேச்சே கிடையாது, எழுத்தும் கிடையாது. வரப்பில் நின்று சொன்ன சொல்லுக்கு மழை வந்தாலும் மாப்பிள்ளை வந்தாலும் மாற்று இல்லை. வாங்கின நாளைத் திருப்பித் தராதவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போடக்கூட ஆள் போகாது.

அத்தாயி நிமிர்ந்தாள். “திருப்பி நான் உனக்கு வர வேண்டியதில்லையே?”

“வேண்டாம். உம் பொண்ணு பேர்தான் எனக்குத் திருப்பி.”

அத்தாயி மகளுடைய அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் கதை வேறு மாதிரி போயிற்று. மாதம்மாள் இலவசமாகக் களை வெட்டுகிறாள் என்றதும் நர்ஸ் வேலையின் மவுசு குறைந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பது பெயர். சனிக்கிழமை பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்குகிறவர்களை பஸ் நிற்கும் இடத்திலேயே பிடித்து இன்னும் இரண்டு. தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தவளிடம் மாதேஸ்வரன் மெதுவாகக் கேட்டான்:

“ஏ புள்ள, நம்ம காட்டுல யாரு களை வெட்டறது?”

“நீங்கதான்.”

அவன் எழுந்துபோய்க் களைக்கொத்தைத் தேடினான்.

ஞாயிற்றுக்கிழமை மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேல்வளவுக்குப் போனாள். அங்கே அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. டீக்கடையில் மாணிக்கம் என்பவர், “எம் பையன் வெள்ளையன் பத்து பாஸுங்க, எழுதிக்கோங்க, ஆனா களை நல்லா வெட்டோணும்,” என்று கையெழுத்துப் போட்டார். ஊருக்கு வெளியே மிளகுக் கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ராமாயி என்பவள், “எம் பையன் பிரவீனை வேணா எழுதிக்க சாமி, எனக்குக் கிழங்குக் காட்டுல ஒரு நாளு,” என்று கைநாட்டு வைத்தாள். ஆகப் பதின்மூன்று கிடைத்தாயிற்று, வேண்டியதற்கு ஒன்று அதிகம். ஆர்த்தியையும் சேர்த்து முன்பே மனுக் கொடுத்திருந்த மூவரில் ஒருத்தியை அவள் மாமன் அதற்குள் திருச்செங்கோட்டுக்குக் கூட்டிப்போய்விட்டதால், கழித்துப் பார்த்தால் சரியாகப் பதினைந்து. மாதம்மாள் அன்றைக்கு வீட்டில் முட்டைக் குழம்பு வைத்தாள்.

*

திங்கட்கிழமை காலையில் பள்ளி மைதானத்தில் கூட்டம். பிள்ளைகளும் பெற்றவர்களும் வந்திருந்தார்கள். பிள்ளை இல்லாதவர்களும் சிலர் வந்திருந்தார்கள். பாப்பாயி அன்றைக்கு அரிசியைக் கூடத்துக்கு வெளியே கொண்டுவந்து கல் பொறுக்கினாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம்.

அருணாசலம் வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்து, பட்டியலை வாங்கினார். முகம் மாறாமல் படித்தார். பெயரைச் சொல்ல, பிள்ளை கை தூக்க, பத்தாம் வகுப்பு ரிஜிஸ்டரில் ஒரு டிக் அடித்தார். பன்னிரண்டு வரை டிக் விழுந்தது. பிரவீன் பதின்மூன்று. அத்தாயியின் மகள் பதினாலு.

“வெள்ளையன்.”

யாரும் கை தூக்கவில்லை.

“வெள்ளையன் யாரு? என் ரிஜிஸ்டர்ல அப்படி ஒரு பேரே இல்லையே.”

கூட்டத்தின் பின்னாலிருந்து பிரவீன் மறுபடியும் கையைத் தூக்கினான். “அதுவும் நாந்தானுங்க சார். ஊட்டுல வெள்ளையன், ஸ்கூல்ல பிரவீன்.”

தாத்தா குலசாமியை நினைத்து ஒரு பெயர் வைப்பார், ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் ஒரு பெயர் எழுதுவார். மலையில் பாதி வீடுகளில் இப்படித்தான். மாணிக்கமும் ராமாயியும் புருஷன் பெண்டாட்டி என்பது மாதம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மாணிக்கம் மாமரத்தைப் பார்த்தார். ராமாயி மாணிக்கத்தைப் பார்த்தாள். “நீயும் எழுதிக் குடுத்தியா?” “நீ சொல்லவே இல்லையே!” ஒருவருக்கொருவர் தெரியாமல் செய்தார்களா, தெரிந்தே ஒரு பிள்ளைக்கு இரண்டு நாள் களை வெட்டிக்கொள்ளப் பார்த்தார்களா என்று ஊர் இன்று வரை இரண்டு கட்சியாகப் பேசுகிறது.

அருணாசலத்தின் முகத்தில் இப்போதுதான் களை வந்தது. பேனாவை மூடினார்.

“பதினாலு. விதின்னா விதி. ஒண்ணு கொறைஞ்சாலும் கொறைஞ்சதுதான். தவிர, களை வெட்டித் தர்றேன்னு சொல்லி ஆள் சேத்தியாமே? இதுக்குப் பேர் என்ன தெரியுமா? லஞ்சம்.”

மாதம்மாளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. திருடி என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

“லஞ்சமுங்களா? எங்கையில காப்புக் காச்சு நான் குடுக்கறது லஞ்சமுங்களா? அப்ப நாங்க உங்களுக்குக் குடுத்தது என்னங்க?”

“எனக்கு நீ என்ன குடுத்தே?”

“வருசா வருசம் ஸ்கூல் தெறக்கறதுக்கு முன்னால புள்ளைங்ககிட்டச் சீட்டுக் குடுத்து உடறீங்க. ஊட்டுக்கு ஒரு ஆளு, களைக்கொத்தோட வரோணும், கிரவுண்டுல பில்லு வெட்டோணும்னு. ஆர்த்தி ஆறாவது சேந்ததுலருந்து அஞ்சு வருசம் நான் வந்தனுங்க. இந்தா நிக்கறா அத்தாயி, அவ வந்தா. மாணிக்கண்ணன் வந்தாரு. எங்க வழக்கத்துல ஒரு நாள் வாங்குனா ஒரு நாள் திருப்பிக் குடுக்கோணுமுங்க. இந்தப் பள்ளிக்கூடம் எங்களுக்கு ஒரு நாளும் திருப்பிக் குடுக்கல. இன்னிக்குக் கேக்கறோம். ஒரே ஒரு பேரு. பதினாலைப் பதினைஞ்சா நெனச்சுக் கதவைத் தொறங்க.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஆமாம், திருப்பித் தரவே இல்லையே என்று ஒவ்வொருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. புல் வெட்டிய முதுகுகளெல்லாம் ஒரே சமயத்தில் வலிக்க ஆரம்பித்தன.

“அது சேவைம்மா! பொதுச் சேவை!”

“சேவைன்னா நீங்களும் எங்ககூடக் குனிஞ்சு வெட்டியிருப்பீங்களே. நீங்க குடையப் புடிச்சுட்டு நின்னீங்க.”

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தது யார் என்று அருணாசலம் தேடுவதற்குள், அதுவரை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற ஆர்த்தி ஓரடி முன்னால் வந்தாள்.

“சார், ஒம்பதாவது பாடத்துல அது இருக்குங்க சார்.”

“எது?”

“பிரபு கூப்புட்டா கொத்தோட போகோணும். கூலி கேக்கக் கூடாது. ஏன்னும் கேக்கக் கூடாது. அப்படிப் போறவங்களுக்குப் பண்ணையடிமைன்னு பேருங்க சார். கேள்விக்கு அஞ்சு மார்க்.”

சொன்னது மெதுவாகத்தான். ஆனால் அந்தப் பெண்ணின் குரல் கிழங்கு உரிக்கிற அம்மாவுக்குப் பாடம் படித்துப் பழகிய குரல். மைதானத்தின் கடைசி வரைக்கும் கேட்டது.

அருணாசலம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். “எனக்கே பாடம் எடுக்கறயா? இந்தத் திமிருக்குத்தான் உனக்கு ஹிஸ்டரி கேக்குதா? உன் டீசியில நடத்தைன்னு ஒரு எடம் இருக்கு. அதுல நான் என்ன எழுதறேன் பாரு. எந்த ஸ்கூல்ல உன்னைச் சேத்துக்கறாங்கன்னு பாக்கறேன்!”

இதைச் சொன்னதும் கூட்டத்தில் இருந்த சிரிப்பு அணைந்துபோயிற்று. டீசி என்றால் எல்லோருக்கும் பயம். அதில் ஒரு வார்த்தை கோணலாக விழுந்தால், தையலும் கிடையாது, நர்ஸும் கிடையாது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கொஞ்சம் குறைத்துப் பேசியிருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியது. மகளின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுக்கலாமா என்று கை போயிற்று. ஆர்த்தியின் கால் நகரவில்லை. அதைப் பார்த்ததும் மாதம்மாளின் கை இழுக்காமல் அங்கேயே நின்றது.

“என்னுங்க சார், புள்ள பாடத்துல இருக்கறதைத்தான சொல்லுச்சு?”

குரல் சத்துணவுக் கூடத்துப் பக்கமிருந்து வந்தது. பாப்பாயி, முறம் இடுப்பில்.

“பாப்பாயி, நீ போய்ச் சமையலைப் பாரு.”

“சாம்பார் அடுப்புல இருக்குதுங்க. அது பாட்டுக்குக் கொதிக்கும்.” முறத்தை வராந்தா விளிம்பில் வைத்தாள். “எம் பொண்ணு இருசாயி போன வருசம் இங்கதானுங்க பத்து பாஸ் பண்ணுனா. தையல்ல போடுன்னீங்க, போட்டேன். ஊசியப் பாத்தாலே அவளுக்குக் கண்ணு கட்டுது. பத்து நாள்ல நின்னுட்டு, இப்ப ஊட்டுல உக்காந்து எங்கூடச் சண்டை போடறா. அவ பேரை எழுதிக்கோங்க. பதினைஞ்சு.”

பாப்பாயியின் வேலை நிரந்தரமில்லை. வருடா வருடம் அருணாசலம் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் அடுப்பு. அது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், மைதானத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஊர்ச் சேதியை இலவசமாக விநியோகம் செய்தே பழகியவள், முதல் தடவையாகத் தன் கைப்பொருளைப் போட்டுவிட்டு நின்றாள்.

“யோசிச்சுத்தான் பேசறயா?” என்றார் அருணாசலம்.

“யோசிச்சா பேச முடியாதுங்க சார்.”

அருணாசலம் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. பிரவீன் என்கிற வெள்ளையனின் கையில் செல்போன் நெஞ்சுக்கு நேராக, நெட்டுக்குத்தாக நின்றது.

“டேய், என்ன எடுக்கற?”

“மணி பாத்தனுங்க சார்.”

அப்புறம் அருணாசலம் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். போன வருடத்து ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி, இருசாயியின் பெயரைத் தேடி, பட்டியலின் கடைசியில் எழுதினார். நிப்பு தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தி எழுதினார்.

“பதினைஞ்சு,” என்றார் மேசையைப் பார்த்துக்கொண்டே. “போங்க. எல்லாரும் போங்க.”

மாதம்மாள் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். “போங்கன்னாரு பாத்தியா கண்ணு? நீங்கன்னு வந்துருச்சு.”

“அது எல்லாருக்கும் சேத்துச் சொன்னதும்மா.”

“அந்த எல்லார்ல நானும் இருக்கறனில்ல?”

*

அதற்கப்புறம் மாதம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பன்னிரண்டு நாள், பன்னிரண்டு காடு. மாணிக்கத்தின் வீட்டுக்கு ஒரு பையனுக்கு ஒரு நாள்தான் என்று கறாராகச் சொல்லி, அந்த ஒரு நாளும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெட்டிக்கொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே வெட்டினாள். ராமாயி காதில் துணியைச் சுற்றிக்கொண்டு கூடவே வெட்டினாள். பாப்பாயி களை வேண்டாம் என்றுவிட்டாள். “மிளகு பறிக்கறப்ப வா மாதம்மா, பேசிக்கிட்டே பறிக்கலாம்” என்றாள். அது களையை விடக் கஷ்டமான வேலை என்று மாதம்மாள் பிற்பாடு சொன்னாள்.

ஊர்க் காடெல்லாம் சுத்தமாக இருக்க, அவளுடைய சாமைக் காட்டில் மட்டும் மாதேஸ்வரன் தனியாளாகக் களையோடு போராடித் தோற்றான். விளைச்சல் பாதிதான் வந்தது. பிரபு நிலத்தில் அறுத்து முடிப்பதற்குள் அடிமைகளின் பயிர் உதிர்ந்துபோகும் என்று ஆர்த்தி பாடத்திலிருந்து சொன்னபோது, மாதம்மாளுக்குக் கோபம் வந்தது. “அவன் கூப்புட்டதுனால போனான். நான் போகோணும்னு போனேன். அதையும் உங்க பாடத்துல எழுதச் சொல்லு.”

வகுப்பு தொடங்கியது என்னவோ ஆவணியில்தான். அதுவரை பதினைந்து பேரும் ஆசிரியரே இல்லாத வகுப்பில் உட்கார்ந்து, ஆர்த்தி பழைய புத்தகத்திலிருந்து படிக்கப் படிக்கக் கேட்டார்கள். அப்புறம் முள்ளுக்குறிச்சியிலிருந்து ரமேஷ்குமார் என்று ஒரு தற்காலிக ஆசிரியர் பஸ்ஸில் வந்துபோக ஆரம்பித்தார். இரண்டு வருடம் கழித்து, நடுவில் நின்றுபோன நாலு பேர் போக, வரலாற்றுப் பிரிவில் பரீட்சை எழுதிய பதினொரு பேரும் பாஸ். அந்த வருடமும் பலகையில் நூறு ஏறவில்லை. காலை வாரியது தையல் பிரிவு.

அருணாசலம் நூறு வரும்வரை காத்திருக்காமல் நாமக்கல் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அதற்கு முந்தைய வருடமே பாப்பாயிக்குக் கையெழுத்துப் போட மறுத்திருந்தார். புதிதாக வந்தவர் அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். இப்போது பில்லு வெட்டச் சீட்டு வருவதில்லை. ஆள் வைத்து வெட்டுகிறார்கள். ரமேஷ்குமார் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் கலைமணியைக் கட்டிக்கொண்டு மலையிலேயே தங்கிவிட்டார். தினமும் எழுபது வளைவில் தலை சுற்றியதற்குக் கல்யாணமே மேல் என்று முடிவு செய்ததாகப் பாப்பாயி சொல்கிறாள். அத்தாயியின் மகளைப் பன்னிரண்டு முடித்த மூன்றாம் வருடம் தம்மம்பட்டியில் கொடுத்தார்கள். பிரவீன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அங்கேயும் இரண்டு பெயர்தான் என்று கேள்வி. இருசாயி சேலத்தில் ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். ஊசி மட்டும் இன்னும் ஆகாது.

ஆர்த்தி ராசிபுரம் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்து விடுதிக்குப் போனாள். போய் ஒரு வருடமும் ஒரு நாளும் ஆன அன்றைக்கு, நாளை எண்ணிவைத்திருந்து, அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“இனி என்னை யாரும் புடிச்சுட்டுப் போக முடியாதும்மா. சட்டம்.”

“செரி சாமி, புடிக்கல. நீயே வா,” என்றாள் மாதம்மாள். “வர்ற ஞாயித்துக்கெழமை நம்ம காட்டுல களை. எனக்கு நீ பன்னெண்டு நாள் தரோணும்.”